செயினை வெட்டுறதுக்கு முன்னாடி எண்ணுங்க: வீட்டிலேயே சைக்கிள் செயினைச் சுருக்குவதும் இணைப்பதும்

கோத்தகிரியில் ஒரு சைக்கிள் கடையில் பதிவு செய்த உரையாடலின் எழுத்து வடிவம் இது. திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். மெக்கானிக் அண்ணா தன் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஒரு இன்ச் குறைஞ்சதால

தொகுப்பாளர்: இன்னைக்கு நான் பண்ணின ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். ஏத்தத்துக்குச் சுலபமா இருக்கட்டும்னு, என் 8 ஸ்பீடு சைக்கிள்ல பின்னாடி இருந்த கேசட்டை மாத்தினேன். முன்ன பெரிய பல் சக்கரம் 28 பல். இப்ப 34 பல். கூடவே ஒரு புது செயினும் வாங்கி, பழைய செயின்ல எத்தனை கண்ணி இருந்துச்சோ அதே 108 கண்ணிக்கு வெட்டி, வீட்டிலேயே மாட்டிட்டேன். சமதளத்துல அருமையா ஓடுச்சு. மேட்டுப்பாளையம் போயிட்டு ஏறி வரும்போது, அரவேணுவுக்கு முன்னாடி ஒரு வளைவுல, முன்னாடி பெரிய சக்கரத்துல இருக்கிறதை மறந்துட்டு பின்னாடியும் பெரிய சக்கரத்துக்கு மாத்தினேன். ஒரே ஒரு சத்தம். டீரெய்லர், அதாங்க, பின்னாடி தொங்கிக்கிட்டு கியர் மாத்துற அந்தக் கை, முறுகி ஸ்போக்ஸுக்குள்ள போயிருச்சு. அதைப் பிடிச்சிருந்த ஹேங்கரும் உடைஞ்சிருச்சு. மீதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுதான் வந்தேன். அண்ணா, நான் எங்க தப்பு பண்ணினேன்?

மெக்கானிக்: வெட்டினது தப்பில்லைங்க தம்பி. கேசட்டை மாத்தினப்புறம் பழைய கணக்கையே வச்சு வெட்டினதுதான் தப்பு. பல் சக்கரம் பெருசானா செயின் சுத்தி வர்ற வழியும் நீளமாகும். உங்களுக்கு 110 கண்ணி வேணும். 108 போட்டீங்க. ரெண்டு கண்ணி, சரியா ஒரு இன்ச் பத்தலை.

தொகுப்பாளர்: ஒரு இன்ச்சுக்கு இவ்வளவு செலவா!

மெக்கானிக்: செயின் நீளமா இருந்தா தொங்கும், சத்தம் போடும், சில சமயம் கழண்டு விழும். அதோட போச்சு. குட்டையா இருந்தா அது இழுக்கும்போது எது பலவீனமோ அது உடையும். அதனாலதான் நான் சொல்றது: வெட்டுறது கடைசி வேலை. அளக்கிறது, எண்ணுறது, அப்புறம்தான் டூலைக் கையில எடுக்கணும்.

வெட்டணுமா, மாத்தணுமா?

தொகுப்பாளர்: பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிள், அப்பா ஓட்டின பழைய சைக்கிள் வச்சிருக்கிற நிறைய பேர் கேக்கிற கேள்வி இது. "செயின் லூசாயிருச்சு, ரெண்டு கண்ணி எடுத்துட்டா போதுமா?"

மெக்கானிக்: முதல்ல ஏன் லூசாச்சுன்னு பாக்கணும். செயின் ரப்பர் மாதிரி நீளுறதில்லைங்க. இரும்புத் தகடு அப்படியேதான் இருக்கு. உள்ள இருக்கிற ரிவெட்டும் அதைச் சுத்தி இருக்கிற ஓட்டையும் தேய்ஞ்சு போகுது. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு மயிரிழைதான் தேயும். நூத்திப் பத்து இடத்துல தேய்ஞ்சா மொத்தமா அரை இன்ச், ஒரு இன்ச்னு தெரியும்.

குன்னூர் ரயிலைப் பாத்திருப்பீங்க. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச இன்னொரு தண்டவாளம் ஓடும். இன்ஜின்ல இருக்கிற பல் சக்கரம் அதைக் கவ்விக்கிட்டு ஏறும். ரெண்டுக்கும் பல்லோட இடைவெளி ஒண்ணா இருக்கிறவரைக்கும்தான் அது கவ்வும். செயினும் அப்படித்தான். புது செயின்ல ரிவெட்டுக்கு ரிவெட் சரியா அரை இன்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். தேய்ஞ்ச செயின்ல அந்த இடைவெளி கூடிருது. அப்ப அது பல்லோட அடியில உக்காராம நுனியை நோக்கி ஏறுது. பல்லும் சேர்ந்து தேயுது. ரெண்டு கண்ணியை எடுத்துட்டா செயின் டைட் ஆகும், சரி. ஆனா மிச்சம் இருக்கிற ஒவ்வொரு கண்ணியிலயும் இடைவெளி தப்பாத்தானே இருக்கு?

தொகுப்பாளர்: அப்ப தேய்மானத்தை எப்படி அளக்கிறது?

மெக்கானிக்: ஒரு இன்ச் ஸ்கேல் போதும். டேப்பா இருந்தா முனையில இருக்கிற கொக்கி ஆடும், அதனால 1 இன்ச் கோட்டுல இருந்து ஆரம்பிங்க. பெடலை லேசா அழுத்தி மேல்பக்கச் செயினை விறைப்பா வச்சுக்கிட்டு, ஒரு ரிவெட்டோட நடுப்புள்ளியை 1 இன்ச் கோட்டுல வைங்க. அங்கிருந்து 24 கண்ணி எண்ணுங்க. புது செயின்னா 24ஆவது கண்ணி முடியுற ரிவெட், சரியா 13 இன்ச் கோட்டுல நிக்கும். அதாவது 12 இன்ச் நீளம்.

அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு இன்ச்சுல பதினாறுல ஒரு பங்கு, ஒன்றரை மில்லிமீட்டர் மாதிரி, போயிருந்தா கியர் சைக்கிளுக்கு செயின் மாத்துற நேரம் வந்தாச்சு. எட்டுல ஒரு பங்கு, மூணு மில்லிமீட்டர், போயிருந்தா பெரும்பாலும் கேசட்டும் தேய்ஞ்சிருக்கும். அப்ப புது செயினை மட்டும் போட்டா பல்லு மேல குதிக்கும். கியர் இல்லாத சைக்கிள்ல செயினும் பல்லும் தடிமன். அதுக்கு மூணு மில்லிமீட்டர் வரைக்கும் விடலாம். அதைத் தாண்டினா வெட்டாதீங்க, மாத்துங்க.

தொகுப்பாளர்: இந்த அரை இன்ச் அளவு எல்லாச் செயினுக்கும் ஒண்ணுதானா?

மெக்கானிக்: இன்னைக்கு ஓடுற சைக்கிள் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அகலம்தான் மாறும். கியர் இல்லாததுக்கு உள் அகலம் எட்டுல ஒரு இன்ச். கியர் சைக்கிளுக்கு அதைவிடக் குறைவு. ஸ்பீடு கூடக் கூட செயின் ஒல்லியாகும். அதனால கடையில "சைக்கிள் செயின் குடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. பின்னாடி எத்தனை சக்கரம் அடுக்கியிருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க.

தொகுப்பாளர்: கேக்கிறவங்களுக்கு ஒரு சின்னத் தகவல். இந்த உருளை வச்ச செயினை இப்ப இருக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்துல பிறந்து, இங்கிலாந்துல மான்செஸ்டர்ல தொழில் பண்ணினவர். வருஷம் 1880. நூத்தி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அடிப்படை இன்னும் அதேதான்.

நீளம் பாக்கிறது: கியர் இல்லாத சைக்கிள்

மெக்கானிக்: இதுல வெட்டுறதுக்கு முன்னாடி சக்கரத்தை நகத்திப் பாக்கணும். பின்சக்கர நட்டு ரெண்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னாடி இழுத்து டைட் பண்ணுங்க. மேல் செயினுக்கும் கீழ் செயினுக்கும் ரெண்டு பல் சக்கரம்தான். நடுவுல விரலால தூக்கிப் பாத்தா அரை இன்ச் ஆடணும். பெடலை ஒரு முழுச் சுத்து சுத்தி, எந்த இடத்துல ரொம்ப டைட்டா இருக்கோ அங்க இந்த அரை இன்ச்சைப் பாருங்க. செயின் வீல் எல்லாம் அச்சு அசலா வட்டமா இருக்காது.

சக்கரம் ஃபோர்க் பள்ளத்தோட கடைசிக்கே வந்துருச்சு, இன்னும் லூசு, தேய்மானமும் அளவுக்குள்ள இருக்கு. அப்ப மட்டும்தான் வெட்டணும். அதுலயும் ஒரே ஒரு கண்ணியை எடுக்க முடியாது. ஒரு வெளித்தகடு, ஒரு உள்தகடுன்னு மாறி மாறித்தான் வரும். அதனால ரெண்டு ரெண்டாத்தான் எடுக்கணும், அது ஒரு இன்ச். செயின் மேலயும் கீழயும் ஓடுறதால, ஒரு இன்ச் எடுத்தா சக்கரம் முன்னாடி வர வேண்டியது அரை இன்ச். அந்த அரை இன்ச் இடம் பள்ளத்துல இருக்கான்னு பாத்துட்டு வெட்டுங்க. மட்கார்டு, பிரேக் கட்டை எங்கயாவது இடிக்குமான்னும் பாத்துக்கோங்க.

நீளம் பாக்கிறது: கியர் சைக்கிள்

தொகுப்பாளர்: இங்கதான் நான் கோட்டை விட்டேன்.

மெக்கானிக்: புது செயினை டீரெய்லர் வழியா விடாம, முன்னாடி பெரிய சக்கரத்துலயும் பின்னாடி பெரிய சக்கரத்துலயும் நேரா சுத்திப் போடுங்க. ரெண்டு முனையையும் இழுத்துப் பிடிச்சா, எந்த இடத்துல பொருந்துதோ அந்த இடத்தைக் குறிச்சுக்கோங்க. அங்க இருந்து இன்னும் ரெண்டு கண்ணி, ஒரு இன்ச், கூட்டிக்கோங்க. அதுதான் நீளம். பின்னாடி ஷாக் இருக்கிற சைக்கிள்னா, ஷாக் அமுங்கும்போது செயினுக்கு வழி நீளமாகும். அந்த நிலையில வச்சு அளக்கணும். முன்னாடி ஒரே சக்கரம், பின்னாடி ரொம்பப் பெரிய கேசட்டுன்னு வர்ற புது மாடல்கள்ல கம்பெனி சொல்ற கூட்டல் வேறயா இருக்கலாம். அந்தத் தாளைப் பாருங்க.

தொகுப்பாளர்: கணக்காவும் போடலாம்னு சொன்னீங்களே?

மெக்கானிக்: போடலாம். பெடல் அச்சு நடுவுல இருந்து பின்சக்கர அச்சு நடு வரைக்கும் இன்ச்சுல அளந்து, அதை ரெண்டால பெருக்குங்க. முன்னாடி பெரிய சக்கரப் பல்லை நாலால வகுத்துக் கூட்டுங்க. பின்னாடி பெரிய சக்கரப் பல்லையும் நாலால வகுத்துக் கூட்டுங்க. கடைசியா ஒண்ணைக் கூட்டுங்க. உங்க சைக்கிளுக்குப் போடுவோம். அச்சுக்கு அச்சு பதினேழரை, ரெண்டு மடங்கு 35. முன்னாடி 42 பல், நாலால வகுத்தா பத்தரை. பின்னாடி 34, எட்டரை. அதோட ஒண்ணு. மொத்தம் 55 இன்ச், 110 கண்ணி. பழைய 28 பல்லுக்குப் போட்டா ஐம்பத்து மூணரை வரும். முழு இன்ச்சாத்தான் வெட்ட முடியும், அதனால மேல ஏத்தி 54 இன்ச், 108 கண்ணி. உங்க பழைய செயின் அதுக்குச் சரியாத்தான் இருந்திருக்கு.

தொகுப்பாளர்: அதே கேசட்டு, செயின் மட்டும் புதுசுன்னா பழைய செயினைப் பக்கத்துல வச்சு வெட்டலாமா?

மெக்கானிக்: நீளத்தைப் பாத்து வெட்டாதீங்க. பழசு ஒரு சதவீதம் தேய்ஞ்சிருந்தா, 110 கண்ணியில ஒரு கண்ணி அளவுக்கு மேல அதுவே நீண்டிருக்கும். ரெண்டையும் தொங்கவிட்டா முனை ஒண்ணாச் சேராது. கண்ணியை எண்ணுங்க. பத்து பத்தா எண்ணி, சாக்பீஸால ஒரு கோடு போட்டுக்கிட்டே வந்தா தப்பாது.

ரிவெட்டைத் தள்ளுறது

தொகுப்பாளர்: டூலுக்கு வருவோம்.

மெக்கானிக்: செயின் கட்டர்னு கேட்டா குடுப்பாங்க. சின்னது, ஒரு திருகு, முனையில ஒரு ஊசி. செயினை வைக்க ரெண்டு பள்ளம் இருந்துச்சுன்னா, கைப்பிடிக்குத் தூரமா இருக்கிற பள்ளத்துல வச்சுத்தான் ரிவெட்டைத் தள்ளணும். கிட்ட இருக்கிறது இறுகின கண்ணியைத் தளர்த்துறதுக்கு. ஊசி ரிவெட்டோட நடுவுல நேரா நிக்குதான்னு பாத்துட்டு, மெதுவாத் திருகுங்க. முதல்ல கொஞ்சம் இறுக்கமா இருக்கும், அப்புறம் போகும். கோணலா போறமாதிரி தெரிஞ்சா உடனே நிறுத்தி, திரும்ப வைங்க. ஊசி உடையறது அங்கதான்.

எந்த ரிவெட்டைத் தள்ளுறதுன்னு யோசிச்சுச் செய்யணும். குயிக் லிங்க் போடப் போறீங்கன்னா ரெண்டு முனையிலயும் உள்தகடுதான் இருக்கணும். குயிக் லிங்க்கே ஒரு வெளித்தகட்டுக் கண்ணி. அதையும் சேர்த்துத்தான் 110. இதை மறந்துட்டு வெட்டினா ஒரு கண்ணி கூடவோ குறையவோ வந்து நிக்கும்.

தொகுப்பாளர்: சுத்தியலும் ஆணியும் வச்சு அடிக்கிறாங்களே?

மெக்கானிக்: கியர் இல்லாத பழைய சைக்கிளுக்கு, கீழ ஒரு நட்டை வச்சு அதோட ஓட்டைக்கு மேல ரிவெட் வர்ற மாதிரி உக்கார வச்சு, பஞ்சால அடிச்சு எடுப்போம். தடிமனான செயின், தாங்கும். கியர் செயின்ல அதைச் செய்யாதீங்க, தகடு வளைஞ்சிரும்.

இணைக்கிறது: உயிர் இருக்கிற இடம்

தொகுப்பாளர்: எடுத்த ரிவெட்டையே திரும்ப உள்ள தள்ளிட்டா என்ன?

மெக்கானிக்: தடிமனான பழைய செயின்ல அது நடக்கும். ரிவெட்டை முழுசா வெளிய விடாம, கடைசி வெளித்தகட்டுல ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி நிறுத்தி, திரும்பத் தள்ளலாம். ஒல்லியான செயின்ல செய்யவே கூடாது. அதுல ரிவெட்டோட தலை தகட்டு மேல பூ மாதிரி விரிச்சு அடிச்சிருக்கும். தள்ளி எடுக்கும்போது அந்தத் தலை தகட்டோட ஓட்டையைக் கிழிச்சுக்கிட்டு வரும். திரும்ப உள்ள போட்டா பாக்க நல்லாத்தான் இருக்கும். பிடிமானம் இருக்காது.

தொகுப்பாளர்: மேட்டுல அது என்ன ஆகும்?

மெக்கானிக்: கணக்கு சொல்றேன். 70 கிலோ ஆள் எந்திரிச்சு நின்னு ஒரு பெடலை மிதிக்கிறார். பெடல் கை 170 மில்லிமீட்டர். முன்னாடி 32 பல் சக்கரம்னா அதோட ஆரம் கிட்டத்தட்ட 65 மில்லிமீட்டர். அப்ப செயின்ல விழுற இழுவை 180 கிலோவுக்கு மேல. ஏத்தத்துக்காக முன்னாடி சின்னச் சக்கரம் போடுறோம்ல, அது சின்னதாக ஆக இழுவை கூடும். நல்ல செயின் 800 கிலோ வரைக்கும் தாங்கும், அதனால செயின் அறுந்து போகாது. ஆனா அந்த இழுவையில கியர் மாத்தும்போது செயின் பக்கவாட்டுல வளையுது பாருங்க, அப்ப பிடிமானம் இல்லாத தகடு ரிவெட்ல இருந்து வழுக்கிக் கழண்டுரும். மிதிச்ச கால் சட்டுனு கீழ போகும், முட்டி ஹேண்டில்ல இடிக்கும், ஆள் ரோட்டு மேல. பின்னாடி மேட்டுப்பாளையம் பஸ் வந்துக்கிட்டு இருக்கும். அதுக்காகத்தான் சொல்றேன்.

தொகுப்பாளர்: அப்ப எதை வச்சு இணைக்கிறது?

மெக்கானிக்: மூணு வழி.

ஒண்ணு, கியர் இல்லாத சைக்கிளுக்கு மீன் மாதிரி கிளிப் வச்ச செயின் லாக். ரெண்டு ரிவெட் உள்ள தகடு, மேல ஒரு தகடு, அதுக்கு மேல கிளிப். கிளிப்போட மூடின முனை செயின் ஓடுற திசையைப் பாக்கணும். மேல்பக்கச் செயின்ல போடும்போது மூடின முனை முன்னாடி, பிளந்த வால் பின்னாடி. மாத்திப் போட்டா ஏதாவது உரசும்போது கிளிப் கழண்டு தெறிச்சிரும்.

ரெண்டு, கியர் சைக்கிளுக்குக் குயிக் லிங்க். 6, 7, 8 ஸ்பீடுக்கு ஒரே லிங்க் போதும். 9, 10, 11, 12 ஒவ்வொண்ணுக்கும் தனி. டீரெய்லர்ல இருக்கிற ரெண்டு சின்ன உருளை வழியாவும் செயின் சரியா நுழைஞ்சிருக்கான்னு இணைக்கிறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க. ரெண்டு பாதியையும் எதிரெதிரா நுழைச்சு, பெடலைச் சுத்தி லிங்க்கை மேல்பக்கம் கொண்டு வாங்க. பின் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு பெடலை ஒரு அழுத்து அழுத்தினா 'டிக்'னு உக்காரும். அந்த 'டிக்' வரலைன்னா வண்டியை எடுக்காதீங்க. 10 ஸ்பீடும் அதுக்கு மேலயும் இருக்கிற பல லிங்க் ஒரு தடவைதான், கழட்டினா புதுசு போடணும். உறை மேல எழுதியிருக்கும்.

மூணு, சில கம்பெனி செயினுக்கு இணைக்கிறதுக்குன்னே தனி ரிவெட் வரும். முன்னாடி கூர்மையா ஒரு வழிகாட்டி முனை இருக்கும். தள்ளி உள்ள ஏத்தினதும் அந்த முனையைப் பிளையரால ஒடிச்சிரணும்.

தொகுப்பாளர்: இணைச்சதும் அந்த இடம் மட்டும் விறைப்பா நிக்குமே?

மெக்கானிக்: தகடு நெருங்கியிருக்கும். ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு, பக்கவாட்டுல லேசா வளைச்சு விடுங்க. சுலபமா மடங்கினா சரி. அப்புறம் ஸ்டாண்டு போட்டு எல்லாக் கியரையும் கையால சுத்திப் பாருங்க. பெருசு பெருசுல டீரெய்லர் விறைச்சு நிக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் இழுக்க இடம் இருக்கணும். சின்னது சின்னதுல செயின் தொய்ஞ்சு தன் மேலயே உரசக் கூடாது.

மழை, பனி, எண்ணெய்

தொகுப்பாளர்: நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகை மழைக்கு செயின் ஒரே ராத்திரியில துருப்பிடிக்குது.

மெக்கானிக்: நனைஞ்சு வந்தா முதல்ல துணியால துடைங்க, அப்புறம் செயின் ஆயில். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் விட்டு மேல இருக்கிறதைத் துடைச்சிருங்க. எண்ணெய் உள்ள ரிவெட்டுக்குத்தான் வேணும், வெளிய இருந்தா மண்ணைத்தான் பிடிக்கும். மண்ணெண்ணெயில கழுவினா நல்லா காய்ஞ்சப்புறம் போடுங்க. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழ அது உறையும். நம்ம ஊர்ல பாட்டில்லயே உறைஞ்சு நிக்கிறது, செயினுக்குள்ள மட்டும் ஓடுமா?

வழியில அறுந்துட்டா

மெக்கானிக்: குஞ்சப்பனையில இருந்து மேல வர்ற வழியில கடை தேடினா கிடைக்காது. சின்ன செயின் கட்டர், உங்க ஸ்பீடுக்கு ஏத்த ரெண்டு குயிக் லிங்க், சீட்டுக்கு அடியில ஒரு பைல போட்டு வைங்க. அறுந்துட்டா, வளைஞ்ச தகட்டை மட்டும் எடுத்துட்டு, ரெண்டு பக்கமும் உள்தகடு வர்ற மாதிரி பண்ணி, லிங்க் போட்டு இணைங்க. ஆனா செயின் இப்ப குட்டையாயிருக்கலாம். வீடு வர்ற வரைக்கும் பெருசு பெருசுக்கு மாத்தாதீங்க.

தொகுப்பாளர்: அதை இப்ப சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன் அண்ணா.

மெக்கானிக்: வெட்டினதுல மிச்சமான துண்டு இருக்கும்ல தம்பி, அதைத் தூக்கிப் போட்டுறாதீங்க. குட்டையா வெட்டிட்டா சேர்க்கிறதுக்கு அதுதான் ஆகும். ஒல்லியான செயினுக்கு இன்னொரு லிங்க்கும் வேணும், அவ்வளவுதான். உங்ககிட்ட அந்தத் துண்டு இருந்திருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்டாண்டு போட்டு ஒரு சுத்து சுத்தியிருந்தா, வீட்டு வாசல்லயே முடிஞ்சிருக்கும்.

தொகுப்பாளர்: துண்டைக் குப்பையில போட்டிருந்தேன், ஸ்டாண்டு போட்டும் சுத்திப் பாக்கலை. கேட்டுக்கிட்டு இருக்கிறவங்க இந்த ரெண்டையும் என்னை மாதிரி பண்ணிராதீங்க. அடுத்த பகுதியில இதே கடையில, இறக்கத்துக்கு பிரேக் கட்டை பாக்கிறது எப்படின்னு பேசுவோம்.